வண்டிக்குள் வந்த கண்கள்

கே.ஜி.கண்டிகை என்ற பெயர் திருத்தணிப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. மற்றவர்கள் பலர் அதை முதன்முதலாகக் கேட்டது 2025 மார்ச் 7 அன்று, அங்கே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதி உயிர்கள் போன செய்தியில்தான். இப்படி ஒரு விபத்து நடந்தால் டீக்கடையில் முதலில் எழும் கேள்வி, "யார் மேல தப்பு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வண்டிக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டும் என்ற யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு.

நம்ம ஊரில் முதல் சாட்சி காகிதம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது (நெடுந்தூர ஓட்டத்துக்குச் சில விலக்குகள் உண்டு). அந்த நேரத்தைக் காட்ட இருந்தது டிரிப் ஷீட்டும் பதிவேடும். எழுதுகிறவன் கை எப்படிப் போகுமோ, நேரமும் அப்படியே போகும்!

ஐரோப்பாவில் இதே சிக்கலுக்கு டேக்கோகிராஃப் கருவியைக் கொண்டுவந்தார்கள். வேகம், ஓடிய நேரம், ஓய்வு மூன்றையும் வட்டமான தாளில் கீறிவைக்கும். 1970-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அதற்கு விதி போட்டது. பிரிட்டனின் லாரித் தொழிலாளர்கள் "கேபினுக்குள் உளவாளி" என்று எதிர்த்தார்கள். அந்த நாட்டு அரசும் இழுத்தடித்தது. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகுதான் வழிக்கு வந்தது. இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஒன்று. தொழிலாளி "உளவாளி" என்று திட்டிய அதே கருவிதான், முதலாளி கூடுதல் நேரம் ஓட்டச் சொன்னதற்கும் சாட்சி.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு மாதிரி. இங்கே ஒவ்வொரு விதியும் ஒரு சாவுக்குப் பின்னால் வந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. டிசம்பரில் டெல்லிப் பேருந்துக் கொடுமை. அதன் தொடர்ச்சியாகப் பயணிகள் வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2016-இல் விதியாயின. நிர்பயா நிதியில் சென்னை மாநகரப் பேருந்துகளில் கேமராவும் பொத்தானும் பொருத்தினார்கள். 2022 மே மாதம் முதல் கட்டமாக 500 பேருந்துகளில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன், அந்த ஆண்டு மார்ச்சில், வளசரவாக்கம் பக்கம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேனில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். பிறகு பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமரா, பின்பக்க சென்சார் கட்டாயமாயின.

இவை எல்லாமே கேமராதான் என்றாலும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. வளசரவாக்கத்துக்குப் பின் வந்தது ஓட்டுநருக்காக; அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தை அந்த நொடியே காட்ட வேண்டும். பதிவாகாவிட்டாலும் பரவாயில்லை. மாநகரப் பேருந்தில் இருப்பது பயணிக்காக, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பார்க்க வேண்டியது. "யார் மேல தப்பு" என்று கேட்கும்போது உதவுவது, சாலையைப் பார்த்தபடி பதிவு செய்துகொண்டே இருக்கும் மூன்றாவது வகை.

அதனால்தான், நாலு டிப்பரும் ரெண்டு பள்ளி வேனும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் "எல்லாத்துக்கும் ஒரே செட்டு வாங்கிடலாமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். வேனுக்கு முன்னும் பின்னும் கேமரா, சென்சார், ஓட்டுநர் முன் ஒரு திரை. டிப்பருக்கு முன்பார்வைப் பதிவு, குலுங்கினால் அந்தத் துண்டை அழியாமல் பூட்டிவைக்கும் வசதி. லாரி மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். கார் கேமராவை அப்படியே மாட்டக் கூடாது. அப்புறம் திருத்தணி வெயில். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில், நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் லித்தியம் பேட்டரி வைத்த கேமரா சீக்கிரம் உப்பிப்போகும். சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கணும். மெகாபிக்சல் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, அது நீதிமன்றத்தில் நிற்கவும் வேண்டும். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அந்தச் சான்றிதழைக் கேட்கிறது, ஹாஷ் மதிப்போடு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இங்கிருந்து கிளம்பும் டிப்பர் சிறிது நேரத்தில் எல்லை தாண்டிவிடும். அந்தப் பக்கம் ஏதாவது நடந்தால், தெலுங்கில் வாதாடத் தெரியாத ஓட்டுநருக்கு அந்தக் காட்சி ஒரு பெரிய துணை.

உள்பக்கம் பார்க்கும் கேமராதான் ஓட்டுநர்களுக்குப் பிடிக்காதது. அதிலும் தேதியும் நேரமும் பதிவாகின்றன. 1961 சட்டம் கேட்ட வேலை நேரத்தை டிரிப் ஷீட்டை விட அது ஒழுங்காகச் சொல்லும், இரண்டு பக்கத்துக்கும். அந்தப் பதிவின் நகலை ஓட்டுநர் கேட்டால் தர வேண்டும் என்று வேலைக்குச் சேர்க்கும்போதே எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நண்பர் இன்னும் யோசிக்கிறார்.