சட்டாம்பிள்ளையின் இரண்டு வேலைகள்

போன மாசம் ஆய்க்குடிக்குப் போயிருந்தேன். மைனி பக்கத்துக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. "பள்ளிக்கூடத்துல பிரிண்டர் மக்கர் பண்ணுது, வந்து பாருங்க தம்பி" என்று கூப்பிட்டார்கள். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்குப் பிரிண்டரும் தெரியும் என்று எங்கள் வீட்டில் இன்னமும் நம்புகிறார்கள்.

ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அப்படித்தான்: 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும். ஆக ஒருவர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மைனி மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து 'ட' எழுதக் காட்டிக்கொண்டிருந்தாள். அறையில் சத்தம் இருந்தது, ஆனால் கூச்சல் இல்லை.

"லீடர் யாரு மைனி? பேசுறவங்க பேரை யார் எழுதுவா?" என்று கேட்டேன்.

"அதை நிறுத்தி ரொம்ப வருசம் ஆச்சு தம்பி. எழுதுனா, எழுதுற புள்ளைதான் மொதல்ல கெட்டுப்போகுது."

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் வகுப்பில் நான் லீடர். சார் வெளியே போனால் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போடுவேன். ஒருநாள், கோலிக்குண்டுச் சண்டையில் என்னோடு பேச்சை விட்டிருந்த கூட்டாளி ஒருவன் பெயரை எழுதினேன். அவன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கம்படி வாங்கினான். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு நல்ல லீடர் என்று பெயர்.

ஊர் திரும்பிய பிறகு, இந்த லீடர் பதவி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ நாலைந்து நிலையில் இருப்பார்கள். ஒருவன் மணலில் நெடுங்கணக்கு எழுதுவான், இன்னொருவன் எண்சுவடி ஒப்பிப்பான், மூத்தவன் ஓலையில் எழுதப் பழகுவான். எல்லாரையும் ஒருவரே பார்க்க முடியாது. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். அவர்களில் மூத்தவன் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன்தான் வாத்தியார்.

இதன் அளவு என்ன? 1822 ஜூன் மாதம் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த எண்கள்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு பள்ளிக்கு 15 பிள்ளைகள். சட்டாம்பிள்ளை முறை எந்த அளவுக்குப் பொருந்தியது என்று இந்த எண்ணே சொல்லிவிடும். இந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தலித் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமே கிடையாது. அதனால் 'அந்தக் காலத்துலயே நம்மகிட்ட எல்லாம் இருந்துச்சு' என்று மார்தட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை.

அதே கணக்கெடுப்பின்போது, 1823இல், பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் ஒரு விரிவான அறிக்கை அனுப்பினார் (பெல்லாரி அப்போது சென்னை மாகாணம்). காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து ஒவ்வொன்று கூடும். புரோகிராம் எழுதுகிறவன் கண்ணுக்கு இது அப்பட்டமான 'லூப்'. பதினைந்தாவதாக வருகிற பையனை நினைத்துப் பாருங்கள். படிக்காத பிள்ளையைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், உட்கார்ந்து உட்கார்ந்து எழவைப்பதும் அதே அறிக்கையில் வருகின்றன. முதலாவது கோதண்டம், இரண்டாவது தோப்புக்கரணம். இத்தனையையும் எழுதிவிட்டு, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை மட்டும் கேம்பெல் மனதாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரிதான் என்கிறார்.

இங்கிலாந்து எப்படிப் பின்பற்றியது? இது எழும்பூர்க் கதை. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை அங்கே நடத்த ஆரம்பித்தார். உதவி ஆசிரியர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் ஆர்வம் காட்டவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற சின்னப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாதது அந்தப் பையனால் முடிந்தது.

1796இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருடம் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் வந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பெல்லுக்கு அடி பிடிக்காது. தப்பு செய்தவன் பெயரைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி, வாரம் ஒருமுறை மாணவர்களையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரிப்பார். அவருக்குப் போட்டியாக லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் மாணவர்களைக் கொண்டே பாடம் நடத்தினார். அவரும் பிரம்பைத் தொடவில்லை. பதிலாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிடுவது! கோதண்டம் கடல் தாண்டி அங்கேயும் முளைத்துவிட்டது.

எனக்கு விஷயம் பிடிபட்டது இங்கேதான். சட்டாம்பிள்ளைக்கு எப்போதுமே இரண்டு வேலைகள். ஒன்று சொல்லிக்கொடுப்பது, இன்னொன்று காட்டிக்கொடுப்பது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர், ஒரு பாடநூல் என்று பள்ளிகள் மாறியபோது முதல் வேலை அவன் கையைவிட்டுப் போனது. இரண்டாவது மட்டும் மிச்சம். நான் லீடராக இருந்தபோது ஒருத்தருக்கும் ஒரு எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. பெயர் மட்டும்தான் எழுதினேன்.

முதல் வேலை தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது 2003இல். மதனப்பள்ளி பக்கத்தில் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் நடந்த ஏணிப்படி முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08இல் அது மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சுக்குப் பதில் பாய், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, அட்டைகள். சில குழுக்கள் ஆசிரியரோடு, சில குழுக்கள் சக மாணவர் உதவியோடு, சில தனியாக. அட்டைகளோடு மல்லுக்கட்டிய ஆசிரியர்களின் புலம்பலும் கூடவே இருந்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிள்ளைகளைப் பிரித்தார்கள். அடிப்பதையோ, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியோடு தடுத்துவிட்டது.

மைனியின் வழிமுறை சுருக்கம். சொல்லிக்கொடுக்கிற பிள்ளை தினமும் மாறும். தான் போன மாசம் தடுமாறிப் படித்ததைத்தான் அது சொல்லிக்கொடுக்க வேண்டும். தடுமாறிய இடம் அப்போதுதான் நினைவிருக்குமாம். ரொம்பச் சேட்டை பண்ணுகிறவனிடம் சாக்பீஸ் டப்பா போகும். சத்தம் கூடினால் மைனி கத்துவதில்லை, ஒரு தாளத்தில் கை தட்டுவார்கள். பிள்ளைகள் திருப்பித் தட்டும். யார் மேல் தப்பு என்று ஒரு பிள்ளையிடமும் இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. கடைசி விதி கறார்.

பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் கோயில் வாசலில் அந்தப் பழைய கூட்டாளியைப் பார்த்தேன். டீ குடித்தோம். தயங்கித் தயங்கி, மூன்றாம் வகுப்புக் கரும்பலகை நினைவிருக்கா என்று கேட்டேன்.

"இல்லாம? நான் அன்னைக்கு வாயே தொறக்கலல" என்றான்.

முப்பத்தைந்து வருடம் ஆகிறது.