மட்கலம் பேசும் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர் பெயரும் போர்க்களமுமே நம் நினைவிற்கு வருகின்றன. அம்மன்னருக்குச் சோறாக்கக் கலம் வனைந்தவனை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், கல்வெட்டுச் சொல்லாததை மட்கலம் சொல்லிவிடுவதுண்டு.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில் கிரேக்கக் கலங்களின் படங்களைக் கண்டு வியந்தோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சுக் குயவர் செந்நிறக் கலங்களில் கரிய உருவங்களைத் தீட்டினர். தெய்வங்கட்குப் பலியிடும் காட்சியும் அவற்றில் உண்டு, நகைப்பும் உண்டு. ஹெராக்ளீஸ் என்னும் வீரன் காட்டுப்பன்றியைத் தூக்கிவர, அவனை ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ் அஞ்சிச் சாடிக்குள் ஒளிந்து கைகளை உயர்த்துகிறான்! இக்காட்சி பல கலங்களிற் காணப்படுகிறது. எக்செக்கியாஸ் போன்றோர் தம் பெயரையும் கலத்திற் பொறித்தனர்.

இத்தகைய கலையைக் காணக் கிரேக்கம் செல்ல வேண்டுவதில்லை. தோட்டத்திற் கணக்கெழுதும் நாம் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வந்தால், சிராங்கூன் சாலையிற் சாமான் வாங்கியதும் திரும்பிவிடுகிறோம். ஆற்றோரத்து எம்பிரஸ் பிளேசில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது. 1998இல் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட பழங்கப்பலின் பொருள்கள் அங்கே உள்ளன. ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த அக்கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சாங்ஷா நகர்க் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டிற்கு ஒத்த நாள் பொறிக்கப்பட்டுள்ளது.

அக்கிண்ணங்களில் பௌத்தரின் தாமரை மலர்கிறது. நம் கோயில்களிற் காணும் மகரம் நீந்துகிறது. அரபு எழுத்தை ஒத்த கோடுகள் ஓடுகின்றன. சுருண்ட முடியுடைய அயல்நாட்டான் முகமும் ஒன்றில் எட்டிப் பார்க்கிறது. எல்லாச் சமயமும் ஒரே சூளையில் வெந்தன. சூளை எவரையும் விலக்கவில்லை.

நம் நாட்டு நிலை யாது? கீழடி ஓடுகளில் ஆதன் என்னும் பெயரைக் காண்கிறோம். அதனினும் மேலாக, வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவரைப் பெற்றோம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி, தோற்று வடக்கிருந்தவனே மேலானவன் என்று புறநானூற்று 66ஆம் பாட்டில் அவர் துணிந்து கூறினார். ஏதென்சுக் குயவன் கதையில் வரும் மன்னனை நகைத்தான். நம் குயத்தியாரோ வாழும் மன்னனிடமே உண்மையுரைத்தார். அத்தகையோர் தொழிலை இழிவென்று எண்ணும் மடமை நமக்கு எங்கிருந்து வந்தது?

பொங்கலுக்குக் கேம்பல் லேனில் பானை வாங்குகையில் பிள்ளைகட்கு விலையை மட்டும் சொல்லாதீர். வனைந்த கையையும் நினைவூட்டுவீர்.