இங்கே அகதி, அங்கே அரசன்!

மண்ணூர்பேட்டையில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். மழை பெய்த ராத்திரியில் லாரி ஹாரன் கேட்கும். தவளைச் சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்கவேண்டும். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வருவதற்கு முன் இந்த வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் நெல் வயலும் உண்டு. வயல் என்றால் தவளை இல்லாமலா?

அதிலும் ஒரு பெரியண்ணன் உண்டு. உள்ளங்கையை அடைத்துக்கொண்டு உட்காரும் வயல் தவளை. ஆங்கிலத்தில் 'புல் ஃபிராக்'. மழைக்காலம் வந்தால் ஆண் தவளை மஞ்சள் பூசிக்கொண்டு, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பையை உப்பிக்கொண்டு மாப்பிள்ளை ஆகிவிடும். பூச்சி, நண்டு, எலிக்குஞ்சு, ஏன், சின்னத் தவளைகூட அதற்கு ஆகாரம்தான்.

இந்தப் பெரியண்ணனுக்கு வெளிநாட்டில் ஏக கிராக்கி. சாப்பிடத்தான்! ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்தியாவிலிருந்து தவளைக் கால் கப்பலேறியது. 1981-ல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல். வெறும் கால் மட்டும் அவ்வளவு என்றால், எத்தனை கோடித் தவளைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டாலர் வந்ததை வரவில் எழுதினோம். வயலில் பூச்சி பெருகினால் மருந்துக்கு ஆகும் காசைச் செலவில் எழுதினோமா? இயற்கை ஆர்வலர்கள் கத்தினார்கள். 1987-ல் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? இந்தோனேஷியா என்ற அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

பாவம் தவளை என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கதையின் அடுத்த பாதி அந்தமானில் இருக்கிறது.

கடல் சூழ்ந்த அந்தத் தீவுகளில் இந்தப் பெரியண்ணன் கிடையவே கிடையாது. 2000-களில்தான் முதலில் கண்ணில் பட்டது. நீந்தியா போயிருக்கும்? வளர்ப்புக் குட்டைகளுக்கு வாங்கிய மீன் குஞ்சுகளோடு தலைப்பிரட்டைகளும் கலந்து தீவு தீவாகப் போயிருக்கின்றன. நித்ய பிரகாஷ் மொகந்தியும் ஜான் மீசியும் ஊர் ஊராக விசாரித்து 2018-ல் எழுதினார்கள்: மக்கள் வாழும் எட்டு முக்கியத் தீவுகளில் ஆறில் அது குடியேறிவிட்டது. கொல்லையில் மேயும் கோழிக்குஞ்சு, குட்டை மீன்... எதையும் விடுவதில்லை.

அதைவிடக் கொடுமை தண்ணீருக்குள் நடந்தது. அந்தமானுக்கே உரிய இரண்டு வகைத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைப் பெரியண்ணனின் தலைப்பிரட்டைகளோடு ஒரே தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. உள்ளூர் வாரிசு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை!

ஆஸ்திரேலியா இந்தப் பாடத்தை முன்பே படித்தது. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகளைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் வளர்த்து விட்டார்கள். வண்டு அப்படியே இருந்தது. தேரை மட்டும் கண்டத்தின் மேற்குப் பக்கம் வரை பரவிவிட்டது. அதைத் தின்ற உள்ளூர்ப் பிராணிகள் விஷத்தில் செத்தன.

ஆக, தவளையில் நல்லது, கெட்டது இல்லை. இங்கே அதைச் சாப்பிடப் பாம்பு உண்டு, கொக்கு உண்டு. அதற்குத் தப்பிக்கத் தெரிந்த சின்னத் தவளைகளும் உண்டு. பல ஆயிரம் வருஷப் பழக்கம். அந்தமானின் குட்டித் தவளைகளுக்கு அந்தப் பழக்கத்துக்கு நேரமே கொடுக்கவில்லை நாம்.

'எனக்கென்ன, நான் அந்தமானுக்கா போகிறேன்?' என்று கேட்காதீர்கள். தொட்டியில் பாசி தின்னட்டும் என்று நாம் வாங்கிய தென் அமெரிக்க 'டாங்க் கிளீனர்' மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் நீந்துகிறது. யாரோ ஒருவர், 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஏரியில் விட்டதுதான். அடுத்த தடவை மீன் தொட்டி அலுத்துப்போனால், வாங்கிய கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அம்பத்தூர் ஏரியையும் கொரட்டூர் ஏரியையும் விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் பாவம் இல்லையா?