முந்திரி முதல் கலம் வரை

முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. இரண்டு காணி ஓர் அரைமா. இரண்டு அரைமா ஒரு மா, அதாவது இருபதில் ஒன்று. இன்னொரு பக்கம் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கினால் பதினாறில் ஒன்றுக்கு வந்து சேர்வோம். இரண்டு வரிசையும் ஓரிடத்தில் சந்திக்கும்: ஒரு மாவோடு ஒரு காணியைச் சேர்த்தால் சரியாக ஒரு வீசம். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுபிள்ளைகள் படித்த அடிப்படைக் கணக்கு இது.

மன்னார்குடிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பின்னம் நடத்த வேண்டிய பருவம் வந்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. எதனுடைய பங்கு அது என்பது அவர்களுக்குப் பிடிபடாது. இதே மண்ணில் முன்பு பிள்ளைகள் முந்திரி வரை எப்படிப் போனார்கள் என்று தேடித்தான் பழைய எண்சுவடிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

திண்ணைப் பள்ளியின் பாடத்திட்டத்தில் மூன்று சுவடிகள் இருந்தன. பொன்னிலக்கத்தில் எண்களும் பின்னங்களும் அவற்றின் குறிகளும். நெல்லிலக்கத்தில் முகத்தல் அளவை. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, அதற்கு மேல் உழக்கு, உரி, படி என்று இரட்டிப்பாக ஏறும். 8 படி ஒரு குறுணி அல்லது மரக்கால், இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்கு 96 படி. மூன்றாவது எண்சுவடி: முழு எண் வாய்ப்பாடு, பின்ன வாய்ப்பாடு, நிலம் அளக்கத் தேவையான குழிமாற்று ஆகியவை அதில் வரும்.

முதலில் விரலால் மணலில் எண்ணின் குறியை எழுத வேண்டும். எழுதும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல மற்றவர்கள் கூடச் சொல்வார்கள். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கம் கடல் கடந்தும் போனது. எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

மனப்பாடம் என்றதும் அது அறிவில்லாத வேலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். எண்சுவடியைத் திறந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் அதில் வந்த விடைகளின் கூட்டுத்தொகையும் இருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் 7 முதல் 70 வரையுள்ள பத்து விடைகளையும் கூட்டினால் 385. நடுவே ஒரு விடை பிசகினாலும் இந்தத் தொகை காட்டிக்கொடுத்துவிடும். தன் பாடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி பாடத்துக்குள்ளேயே இருந்தது. நினைவில் ஏற்றுவதே அன்று கணக்குக் கற்கும் முறையாக இருந்தது என்று ஆய்வாளர் செந்தில் பாபு தன் நூலில் விரிவாகக் காட்டுகிறார். வகுப்பறையில் வாழ்ந்த எனக்கு அது முழுக்கச் சரி என்றே படுகிறது.

இத்தனை நுணுக்கம் எதற்காக? வயலுக்குப் போனால் தெரியும். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட நிலம் ஒரு குழி. எங்கள் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நீளம் 12 கோல், அகலம் எட்டே முக்கால் கோல் உள்ள துண்டு நிலம் எவ்வளவு? பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. பன்னிரண்டு முக்கால் ஒன்பது. மொத்தம் 105 குழி, அதாவது ஒரு மாவும் ஐந்து குழியும். இதை ஓலை இல்லாமல், வரப்பில் நின்றபடியே சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் முக்கால் கோல் என்றால் அரையே வீசம் குழி என்று உடனே வாயில் வர வேண்டும். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரிக்கும் கீழே, கீழ்முந்திரி வரை இறங்குகிறது. அறுவடை முடிந்தால் அதே பின்னங்கள் களத்துக்கு வந்துவிடும். குவியலில் அரசுக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, ஊர்த் தொழிலாளிகளுக்கு ஒரு பங்கு. கலத்தில் கால் என்றால் 24 படி, வீசம் என்றால் 6 படி. அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். பள்ளியில் ஓதிய பெயர்களைப் பையன் களத்தில் நெல்லாகவே பார்த்தான்.

ஆனால் பையன்தான் பார்த்தான். அதிலும் எல்லாப் பையன்களும் இல்லை. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர். சேற்றில் இறங்கி உழைத்த தலித் மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. நெல்லைக் கூலியாக வாங்கிய மக்களுக்கு நெல்லிலக்கம் மறுக்கப்பட்டது. அதன் விளைவு குவியல் ஓரத்தில் தெரிந்தது: வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறொரு மரக்கால். 1940களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ்த் திரண்டபோது, முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கணக்கு யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் நெல்லும் இருந்தது. பழைய கணக்கின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் அச்சுப் பாடநூலும் தேர்வும் அரசு மானியமும் வந்தன. மேல் எண், கீழ் எண் என்று எழுதும் ஐரோப்பியப் பின்னம் வகுப்புக்குள் வந்தது. ஆனாலும் எண்சுவடி மலிவு அச்சில் நெடுநாள் விற்றது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை வீசத்துக்கு வேலை இருந்தது. ஓரணாதான் ரூபாயில் வீசம். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது. அடுத்து கிலோவும் லிட்டரும் வந்தன. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியும் 1980இல் ஒழிந்தது. முந்திரி பேச்சிலிருந்து மறைந்தது. 2019இல் யூனிகோடு தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய குறிகளுக்கும் 51 இடங்களை ஒதுக்கியது. அதில் முதல் இடம் முந்திரிக்கு.

தசமமும் பொதுப்பள்ளியும் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஊருக்கு ஊர் மாறாத அளவு ஏழைக்குப் பாதுகாப்பு; என்னைப் போன்ற பெண் கணக்கு நடத்த முடிந்ததும் பொதுப்பள்ளியால்தான். என் வருத்தம் வேறு. ஓதும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அளக்கும் வேலையை வகுப்பிலிருந்து வெளியே விட்டுவிட்டோம். என் கடைசி ஆண்டுகளில் பின்னப் பாடத்துக்கு முன்பே ஆழாக்கு, உழக்கு, உரி, படி நான்கையும் வாளி மணலோடு வகுப்பில் வைத்துவிடுவேன். அரைப்படிக்கு எத்தனை ஆழாக்கு என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. கொட்டி அளந்து, நான்கு என்று அவர்களே சொல்வார்கள். எட்டில் மூன்றை மணலில் காட்டு என்றால் மூன்று ஆழாக்கைப் படியில் கொட்டுவார்கள். அதன் பிறகு கரும்பலகையில் கோடு போட்டு எழுதினால் பயம் இருக்காது. முப்பருவ முறையில் ஒரு பருவத்துக்கு இருக்கும் வாரங்கள் இதற்குத் தாராளமாகப் போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், பெண்ணானாலும் ஆணானாலும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், ஓர் அளவையைக் கொடுங்கள். திண்ணை சிலருக்கு மட்டும் கொடுத்ததை அரசுப் பள்ளி எல்லாருக்கும் கொடுக்க முடியும்.