அரிசாகா ரைஃபிள் தோட்டாக்கள்

ஜப்பானியப் படைகள் 1897 முதல் 1945 வரை ஏந்திய போல்ட் வகை ரைஃபிள்களுக்கு உரிய 6.5 மி.மீ., 7.7 மி.மீ. தோட்டாக்கள் இப்பெயரால் வழங்குகின்றன. போருக்குப் பின் ரைஃபிள்கள் பல நாடுகளில் தங்கிவிட்டன. அவற்றுக்கான தோட்டா உற்பத்தியோ ஜப்பானில் நின்றுபோனது. அந்தக் குறையை முதலில் ஈடுசெய்தவர்கள், பித்தளைக் கூடுகளைக் கையால் நிரப்பிக்கொண்ட பொழுதுபோக்குச் சுடுநர்கள்.

ஜப்பான் சொந்தமாக வடிவமைத்த முதல் ராணுவ ரைஃபிள், முராட்டா சுனேயோஷியின் 11 மி.மீ. துப்பாக்கி (1880). அவரது 8 மி.மீ. துப்பாக்கி 1889-இல் வந்தபோது ஜப்பானியக் காலாட்படை புகையில்லா வெடிமருந்துக்கு மாறியது. அடுத்த வடிவமைப்புப் பொறுப்பு அரிசாகா நரியாகிராவிடம் (1852–1915) சென்றது. மெய்ஜி 30-ஆம் ஆண்டான 1897-இல் அவரது ‘30-ஆம் வகை’ ரைஃபிளும், 50 மி.மீ. நீளக் கூடு கொண்ட 6.5 மி.மீ. தோட்டாவும் ஏற்கப்பட்டன. அன்றைய வல்லரசுகளின் தோட்டாக்களோடு ஒப்பிட்டால் இது மென்மையானது. பின்னுதைப்பு குறைவு, நீண்ட குழலுக்குள்ளேயே மருந்து ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுவதால் குழல்முனையில் தீப்பொறியும் குறைவு. சுடுபவன் மறைந்திருக்கும் இடத்தை எதிரி கண்டுபிடிப்பது கடினமாயிற்று.

1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் மஞ்சூரியப் புழுதி போல்ட்டுக்குள் புகுந்து தொல்லை தந்தது. துப்பாக்கி வடிவமைப்பாளர் நம்பு கிஜிரோ பொறியமைப்பை எளிமையாக்கி, மேலே ஒரு தகட்டு மூடியையும் சேர்த்தார். அதுவே ‘38-ஆம் வகை’ (1905). நடக்கும்போது மூடி கடகடவென்று ஒலித்ததால் பல சிப்பாய்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள் என்பது வேறு கதை. ரைஃபிளின் நீளம் 1.28 மீட்டர். உருண்டை முனைகொண்ட 10.4 கிராம் குண்டுக்குப் பதிலாகக் கூர்முனை கொண்ட 9 கிராம் குண்டும் விரைவில் வந்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கித் தட்டுப்பாட்டால் தவித்த பிரிட்டனும் ரஷ்யாவும் ஜப்பானிடமிருந்து இந்த ரைஃபிள்களை வாங்கின. பத்தாண்டுக்கு முன் ரஷ்யர்களைச் சுட்ட தோட்டாவையே 1916-இல் தங்கள் வடிவமைப்பாளர் ஃபெடரோவின் தானியங்கித் துப்பாக்கிக்கு ரஷ்யர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஜப்பானின் உண்மையான பலவீனம் துப்பாக்கியில் இல்லை, தோட்டா வழங்கலில் இருந்தது. 1922-இல் வந்த 11-ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கி வழக்கமான 6.5 தோட்டாவின் வேகத்தைத் தாங்கித் தடையின்றி இயங்கவில்லை. அதற்காக மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களைத் தனியே தயாரிக்க நேர்ந்தது. சீனப் போர்க்களத்தில் 6.5 மி.மீ. குண்டின் வலிமை போதவில்லை என்று உணர்ந்ததும், 7.7 மி.மீ. அளவில் ‘99-ஆம் வகை’ ரைஃபிள் 1939-இல் வந்தது. ஆனால் பழையது விலகவில்லை. இரண்டும் போர் முடியும்வரை அருகருகே புழங்கின.

7.7 என்று சொன்னாலும் அது ஒரே தோட்டா அல்ல. 1932-ஆம் ஆண்டின் கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு அடிவிளிம்பு சற்றே வெளியே நீண்ட தோட்டா. 99-ஆம் வகை ரைஃபிளுக்கு விளிம்பு நீளாத தோட்டா. கடற்படையின் லூயிஸ் வகைத் துப்பாக்கிகளுக்கோ பிரிட்டனின் .303 தோட்டா, நம் ஊர்க் காவலர்களின் ‘த்ரீ நாட் த்ரீ’யில் போட்டுவந்ததும் அதேதான். தொலைதூரத் தீவுகளுக்குக் கப்பலில் சரக்கு அனுப்பிப் போரிடும் நாடு இவ்வளவு வகைகளை வைத்துக்கொண்டது பெரும் தவறு.

1945-இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட ரைஃபிள்கள் பலவற்றில் பேரரசரின் பதினாறிதழ்ச் செவ்வந்தி முத்திரை அராவி அழிக்கப்பட்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் போர் நினைவாக அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேட்டைக்குப் பயன்படுத்தலாம் என்றால் கடையில் தோட்டா கிடையாது. ஜப்பானிய ராணுவக் கூடுகளை மீண்டும் நிரப்புவதும் எளிதல்ல. அவை பெர்டன் வகை: மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் குழியின் நடுவில் பித்தளை மேடும் அருகே சிறு துளைகளும் இருக்கும். அமெரிக்கர்களுக்குப் பழகிய பாக்ஸர் வகைக் கூட்டில் நடுத்துளை வழியே ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம்; இதில் அது முடியாது.

ஆகவே அவர்கள் வேறு கூடுகளை உருமாற்றினார்கள். தாராளமாகக் கிடைத்த .30-06 கூட்டின் நீளம் 63 மி.மீ.; அதை 58 மி.மீ.க்கு வெட்டி, அச்சில் அழுத்தி 7.7 கூடாக்கினார்கள். அதன் அடிப்பகுதி சற்று மெலிந்திருப்பதால் சுட்டபின் புடைப்பது உண்டு. குண்டுக்கு .303 அளவே பொருந்தியது. 6.5-க்கு .220 ஸ்விஃப்ட் கூடுகள் உதவின. இன்னும் சிலர் கூட்டை மாற்றாமல் துப்பாக்கியின் அறையையே குடைந்து, .257 ராபர்ட்ஸ் கூட்டின் கழுத்தை 6.5-க்கு விரித்துப் பொருத்தினார்கள். கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவமும் இவ்வழியில் இறங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 99-ஆம் வகை ரைஃபிள்களை .30-06 தோட்டாவுக்கு மாற்றியது. பின்னர் சுவீடனின் நார்மாவும் அமெரிக்காவின் ஹார்னடியும் ஜப்பானிய அளவுகளில் கூடுகளையும் தோட்டாக்களையும் விற்றதால் வெட்டி ஒட்டும் தேவை குறைந்தது. இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால் இப்பழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

போர்க்காலத்தில் ‘ஜப்பான் சரக்கு’ என்று இகழப்பட்ட இத்துப்பாக்கியின் மதிப்பை மாற்றியவர் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் பி. ஓ. அக்லி. பல நாட்டு ராணுவ ரைஃபிள்களை வேண்டுமென்றே மிகை மருந்தால் உடையும்வரை சோதித்தபோது, அரிசாகாவின் பொறியமைப்பே மற்றவற்றைவிட அதிகம் தாங்கியது. போரின் கடைசி ஆண்டுகளில் முரட்டு வேலைப்பாட்டோடு வந்த துப்பாக்கிகளைப் பார்த்து மொத்தத்தையும் மட்டம் என்று முடிவுகட்டியது பிழையான கணிப்பு. ஆனால் பள்ளி மாணவர்களின் அணிவகுப்புக்காகச் செய்த பயிற்சித் துப்பாக்கிகள் வேறு. வெளித்தோற்றத்தில் அவை அசல் ரைஃபிள் போலவே இருக்கும்; குழலுக்குள் மரைவெட்டு இராது; குண்டில்லாத வெற்றுத் தோட்டாவை மட்டுமே தாங்கும். அக்லி கண்ட வலிமை இவற்றுக்குப் பொருந்தாது. உண்மையான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் சுடுபவரின் முகத்தருகே வெடித்துச் சிதறும்.