இலையும் வெந்நீரும்

சீன தேசத்தில் பச்சைத் தேயிலையை வெந்நீரிலிட்டு, இலை மெல்ல விரிவதைப் பார்த்தபடியே அருந்தும் வழக்கம் ஆதிகாலந்தொட்டு வந்ததென எண்ணுவோர் உண்டு, உண்மை அதுவன்று. 8-ஆம் நூற்றாண்டில், தாங் வம்சத்தார் ஆண்ட நாளில், தேயிலைக்கெனத் தனி நூல் இயற்றிய லூ யூ என்னும் அறிஞர் விவரித்த முறை, ஆவியில் வேகவைத்து இடித்து வில்லையாகத் தட்டிய இலையை அனலில் வாட்டிப் பொடித்து, கொதிநீரில் சிறிது உப்புடன் காய்ச்சுவதாகும். பின்வந்த சோங் காலத்திலோ, கிண்ணத்திலிட்ட பொடியில் வெந்நீர் வார்த்து நுரை எழக் கடைந்தார்கள். ஹுய்சோங் சக்கரவர்த்தி தாமே அக்கலை குறித்து நூல் எழுதுமளவுக்கு அதில் மோகங்கொண்டிருந்தார்.

ஏழைக் குடியில் பிறந்து, பசியின் கொடுமையை அநுபவித்து, மிங் வம்சத்தை ஸ்தாபித்த ஹோங்வூ சக்கரவர்த்தி, வில்லைத் தேயிலை செய்வதில் பிரஜைகள் படும் சிரமத்தைக் கருதி, அரண்மனைத் திறைக்கு உதிரி இலையே போதுமென்று 1391-இல் ஆணையிட்டார். இலையை இலையாகவே ஊறவைக்கும் பழக்கம் அதன்பின்னரே தேசமெங்கும் நிலைபெற்றது. இத்தனை கருணையும் இத்தனை சுவையும் ஒருங்கே விளைவித்த அரசாணை வேறுண்டோ என நான் வியப்பதுண்டு.

ஹாங்சோ நகரையடுத்த லோங்ஜிங் குன்றுகளில், சிங்மிங் திருநாளுக்கு முன் கிள்ளிய இளந்தளிரை, சூடேறிய இரும்புச் சட்டியில் கையாலேயே அழுத்தியும் புரட்டியும் தட்டையாக வாட்டுகிறார்கள். கொதிநீர் அதற்கு ஆகாது. தளிர் வெந்து கசந்துவிடும். 80 டிகிரி அளவுக்கு ஆறிய நீரை, அதிலும் அவ்வூர் ஹூபாவ் ஊற்றின் நீரை வார்ப்பதே சிலாக்கியம். அதே இலைக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வார்க்கலாம்.