தனுஷ்கோடி நிலையம்

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஊர்ப்பயணம் என்பது ஒரு புகைவண்டி நிலையத்தில் தொடங்கி மற்றொரு நிலையத்தில் முடிவது. இறங்கவேண்டிய நிலையமே இல்லாமற்போன ஓர் ஊரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வோம். இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் இருந்த தனுஷ்கோடியே அவ்வூர்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. அதன் பின்னர் தென்னிந்திய இரயில்வேயின் வண்டிகள் தனுஷ்கோடித் துறைவரை சென்றன. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர், தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பை அடைவார். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு அவ்வளவு தூரத்திற்கும் செல்லும்.

அந்த நடைமேடையில் வணிகரும், சேதுவில் நீராட வடநாட்டிலிருந்து வந்த யாத்திரிகரும் நின்றனர். அவர்களோடு, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாட்கள் வைக்கப்பட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரும் நின்றனர். தாய்நாட்டில் அவர்களுள் பலர் கடைசியாகக் கண்ட நிலையம் அதுவே.

அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு திங்கள் கழிவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டி, நிலையத்தை நெருங்கும் வேளையில், பயணிகளோடு அலையில் மறைந்தது. நிலையமும் ஊரும் அழிந்தன. வாழத்தகாத இடமென அரசு அவ்வூரை அறிவித்தது.

சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் இடப்படவில்லை. ஆதலால் தாயகம் திரும்பியோரின் கப்பல்கள் இராமேசுவரத்திற்கே வந்தன. பாட்டனார் புறப்பட்ட நிலையத்தைப் பேரர்கள் காணும் வாய்ப்பு இல்லாது போயிற்று. அக்கப்பல் போக்குவரத்தும் 1980களில் இலங்கைப் போரினால் நின்றது.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. ஆயினும் வண்டிகள் இராமேசுவரத்தோடு நின்றுவிடுகின்றன. அப்பால் செல்லும் அன்பர்கள் மணலிடையே நிலையத்தின் இடிந்த சுவர்களைக் காணலாம்.

பாலம் திறந்த நாளும் புயல் வீசிய நாளும் ஏடுகளில் உள்ளன. அங்கே வண்டியேறிய எளியோரின் கதைகள் பெரும்பாலும் ஏடேறவில்லை. நம் குடும்பங்களிலும் எந்த நிலையத்தில், எந்த ஆண்டில், யாரை விட்டுப் புறப்பட்டோம் என்பதை அறிந்த முதியோர் இருப்பர். அடுத்த முறை ஊர் செல்லும்போது அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போமாக.